சில நாடுகள் ஏன் வளர்கின்றன, சில ஏன் தேங்கி நிற்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960ல் கானாவின் தனிநபர் வருமானம் தென் கொரியாவைவிடக் கொஞ்சம் அதிகம். இன்று தென் கொரியாவில் அது ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல். கானாவில் 2,000 டாலரைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. இரண்டு தலைமுறைக்குள் இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி விழுந்தது? இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பொருளாதாரம் படித்தவர்களுக்கு மட்டும் என்று எழுதவில்லை.

வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு நாட்டில் ஓராண்டில் உருவாகும் பொருட்கள், சேவைகளின் மொத்த மதிப்புதான் மொத்த உள்நாட்டு உற்பத்தி. அதை மக்கள்தொகையால் வகுத்து, விலைவாசி உயர்வையும் கழித்துவிட்டால் வருவது தனிநபர் உற்பத்தி. அது நீண்ட காலத்துக்குக் கூடிக்கொண்டே போவதைத்தான் இங்கே வளர்ச்சி என்கிறேன். மொத்த உற்பத்தி 3 சதவீதம் கூடி, மக்கள்தொகையும் 3 சதவீதம் கூடினால், சராசரி மனிதர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். செய்தித் தலைப்புகளில் வரும் வளர்ச்சி விகிதம் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

இந்த அளவுகோலிலும் ஓட்டை உண்டு. 2015ல் அயர்லாந்தின் உற்பத்தி ஒரே ஆண்டில் சுமார் 26 சதவீதம் உயர்ந்ததாகக் கணக்கு வந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் சில, தங்கள் காப்புரிமைகளையும் மற்ற சொத்துகளையும் வரிக்காக அயர்லாந்தின் கணக்குப் புத்தகத்துக்கு மாற்றியதுதான் முக்கியக் காரணம். அந்த வருடம் அயர்லாந்துக்காரர்கள் கால் பங்கு பணக்காரர்களாகிவிடவில்லை. அதன் பிறகு அந்நாட்டுப் புள்ளியியல் துறை இதற்கென்றே தனி அளவுகோலை உருவாக்கிக்கொண்டது.

ஆண்டுக்கு 1 சதவீதம், 2 சதவீத வித்தியாசம் அவ்வளவு பெரியதா?

ரொம்பப் பெரியது. 70ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால், வருமானம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்பது தோராயமாகக் கிடைத்துவிடும். 1 சதவீதம் என்றால் 70 ஆண்டு. 2 சதவீதம் என்றால் 35. 7 சதவீதம் என்றால் பத்தே ஆண்டு. ஒரு நாட்டில் பேரன் காலத்தில் வருவது இன்னொரு நாட்டில் பிள்ளை பள்ளி முடிப்பதற்குள் வந்துவிடுகிறது.

ஏழை நாடுகள் வளர்வதே இல்லையா?

வளர்கின்றன. நல்ல ஆண்டுகளில் பணக்கார நாடுகளைவிட வேகமாகக்கூட வளர்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: அவை அடிக்கடி சுருங்குகின்றன, சுருங்கும்போது ஆழமாகச் சுருங்குகின்றன. என்னைக் கேட்டால், இந்த விஷயம் முழுவதிலும் அதிகம் பேசப்பட வேண்டியதும், குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாடு இரண்டு ஆண்டுகள் 4 சதவீதம் வளர்ந்து, மூன்றாம் ஆண்டு 5 சதவீதம் சுருங்குகிறது. இதே சுழற்சி 30 ஆண்டுகள் நடந்தால், 100 என்று தொடங்கிய வருமானம் 131ல் முடியும். இன்னொரு நாடு ஆண்டுதோறும் 2.5 சதவீதம் மட்டுமே வளர்கிறது, அதைத் தாண்டவில்லை. ஆனால் சறுக்கவும் இல்லை. அதே 30 ஆண்டுகளில் அதன் 100, ஏறக்குறைய 210 ஆகிவிடும். முதல் நாடுதான் மூன்றில் இரண்டு ஆண்டுகள் "வேகமாக வளரும் நாடு" என்று பாராட்டு வாங்கியிருக்கும்.

சறுக்கலுக்குக் காரணங்கள் என்ன என்று பார்த்தால், உள்நாட்டுப் போர், ராணுவப் புரட்சி, கடன் நெருக்கடி, கட்டுக்கடங்காத பணவீக்கம், ஒரே ஏற்றுமதிப் பொருளின் விலை வீழ்ச்சி. ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்று, புதிய வேலைகளைச் செய்ய ஒரு நாடு எப்படிக் கற்றுக்கொள்கிறது? இரண்டு, கற்றுக்கொண்டதை அடித்துக்கொண்டு போகாமல் எப்படிக் காக்கிறது?

மக்களின் உழைப்பும் ஒழுக்கமும்தானே முக்கியக் காரணம்?

இல்லை என்றே நினைக்கிறேன். ஏழை நாட்டில் பேருந்து ஓட்டியவர் பணக்கார நாட்டுக்குக் குடிபெயர்ந்து அங்கேயும் பேருந்தே ஓட்டினால், பல மடங்கு சம்பாதிக்கிறார். ஒரே இரவில் அவர் திறமை கூடிவிடவில்லை. சாலை, வண்டி, சட்டம், சுற்றியிருப்பவர்களின் உற்பத்தித்திறன் என்று அவரைச் சூழ்ந்திருப்பவை எல்லாம் மாறிவிட்டன. ஏழை நாடுகளின் வயல்களிலும் கட்டட வேலைகளிலும் உழைப்பவர்களைப் பார்த்து யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது.

கொரியாவே இதற்குப் பெரிய சான்று. ஒரே மொழி, ஒரே பண்பாடு, ஒரே மக்கள். 1945ல் 38ஆம் அட்சக்கோட்டை ஒட்டி நாடு பிரிந்தபோது கனரகத் தொழில்களும் நீர்மின் நிலையங்களும் பெரும்பாலும் வடக்கில்தான் இருந்தன. தெற்கு விவசாயப் பகுதி. 1990களின் நடுவில் வடக்கு பஞ்சத்தில் சிக்கியபோது, தெற்கு கப்பலும் மின்னணுச் சில்லும் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது.

அப்படியானால் புவியியலுக்குப் பங்கே இல்லையா?

உண்டு. கடற்கரை இல்லாத நாட்டுக்குச் சரக்குச் செலவு கூடும். அண்டை நாட்டில் கலவரம் என்றால் துறைமுகத்துக்கான வழியும் அடைபடும். மலேரியா பரவிய இடங்களில் உழைப்பும் படிப்பும் கெடும். ஆனால் இது தடைதான், தலையெழுத்தாகிவிடாது. இந்தியப் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் மொரீஷியஸ், கரும்பை மட்டும் நம்பியிருந்த தீவு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார அறிஞர், 1960களின் தொடக்கத்தில் அதன் எதிர்காலம் பற்றி மிகவும் அவநம்பிக்கையோடு எழுதினார். அது 1968ல் சுதந்திரம் அடைந்தது. 1970ல் ஏற்றுமதித் தொழில்களுக்கான சலுகைச் சட்டம் கொண்டுவந்தது, ஆடைத் தொழில், சுற்றுலா, நிதிச் சேவை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. இன்று ஆப்பிரிக்காவின் வசதியான நாடுகளில் ஒன்று.

எண்ணெயும் வைரமும் இருந்தால் நாடு பணக்கார நாடாகிவிடாதா?

ஆகலாம், பாழாகவும் போகலாம். நிலத்துக்கு அடியில் இருந்து வரும் பணத்துக்கு மக்களின் ஒத்துழைப்பு அவ்வளவாகத் தேவையில்லை. சுரங்கத்தையும் துறைமுகத்தையும் பிடித்துவைத்திருந்தால் ஆட்சியை ஓட்டிவிடலாம். அதனால் ஆட்சியைப் பிடிப்பதே பெரிய தொழிலாகிவிடுகிறது.

காங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பு, கோபால்ட், வைரம் எல்லாம் அங்கே உண்டு. 1965 முதல் 1997 வரை மொபுட்டு ஆண்டார். 1973ல் வெளிநாட்டார் வைத்திருந்த தொழில்களையும் தோட்டங்களையும் பறித்து வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். நடத்தத் தெரியாத கைகளில் பல மூடப்பட்டன. தன் சொந்த ஊரான பாடோலிட்டேயில் அரண்மனையும், கான்கார்டு விமானம் இறங்கும் அளவுக்கு ஓடுபாதையும் கட்டினார். அரசின் செம்புச் சுரங்க நிறுவனமோ பராமரிப்புக்குக்கூடக் காசில்லாமல் வற்றியது. 1980களின் நடுவில் ஆண்டுக்கு 4 லட்சம் டன்னுக்கு மேல் செம்பு எடுத்த அந்த நிறுவனம், 1990களின் நடுவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்கவில்லை. பூமியில் செம்பு அப்படியேதான் இருந்தது.

இப்போது போட்ஸ்வானா. 1966ல் சுதந்திரம் கிடைத்தபோது நாடு முழுவதற்கும் தார்ச்சாலை சுமார் 12 கிலோமீட்டர். கடற்கரை கிடையாது, பாதிக்கு மேல் பாலைவனம். மறுவருடமே ஒராபாவில் வைரம் கிடைத்தது. முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா ஒரு பெரிய இனக்குழுவின் தலைமைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வைரம் தன் இனத்தாரின் நிலத்தில் கிடைத்தும், கனிம உரிமை எந்த ஒரு குழுவுக்கும் சேராமல் தேசத்துக்குச் சேரும் என்று சட்டம் ஆக்கினார். இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. இந்த ஒரு முடிவு எடுக்கப்படாததால் எத்தனையோ நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம், இனத்துக்கு இனம் ரத்தம் ஓடியிருக்கிறது. பிறகு டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துடனான கூட்டு நிறுவனத்தில் அரசு பாதிப் பங்கைப் பெற்றது. பணம் பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் போனது. நல்ல ஆண்டின் உபரியை 1994ல் தனி நிதியாக எடுத்துவைத்தார்கள். தேர்தல்களும் தவறாமல் நடந்தன. சில பத்தாண்டுகள் உலகிலேயே வேகமாக வளர்ந்த நாடுகளில் ஒன்றாக இருந்தது. குறைகளும் உண்டு: வருமான ஏற்றத்தாழ்வு மிக அதிகம், வேலையின்மை அதிகம், வைரத்தை விட்டால் வேறு பெரிய தொழில் இல்லை. அண்மை ஆண்டுகளில் வைரச் சந்தை சரிந்ததும் அரசின் வருவாய் ஆட்டம் கண்டுவிட்டது.

நல்ல அரசு இருந்தாலும் வளம் ஒரு தொல்லை தரும். எண்ணெய் விற்ற டாலர் கொட்டினால் உள்நாட்டு நாணயத்தின் மதிப்பு ஏறும். தொழிற்சாலைப் பொருட்கள் வெளிச்சந்தையில் விலை போகாது. மெல்ல மெல்லத் தொழிற்சாலைகள் மூடப்படும். நெதர்லாந்தில் 1959ல் பெரிய எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இது நடந்ததால் "டச்சு நோய்" என்ற பெயர் வந்தது. நார்வே இதைச் சமாளிக்க எண்ணெய்ப் பணத்தை வெளிநாட்டுச் சொத்துகளில் போட்டு, அதன் பலனில் சிறு பகுதியை மட்டும் ஆண்டுதோறும் செலவழிக்கிறது. வெனிசுவேலா எதையும் ஒதுக்கிவைக்கவில்லை என்றே சொல்லலாம். 2013க்குப் பிறகான எட்டு ஆண்டுகளில் அதன் பொருளாதாரம் ஏறக்குறைய முக்கால் பங்கு சுருங்கியது; 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள்.

நிறைய முதலீடு போட்டால் வளர்ந்துவிடாதா?

ஓரளவுக்கு வளரலாம். அதற்குமேல் முதலீட்டின் பலன் குறைந்துகொண்டே போகும். ஒரு தையல்காரருக்கு முதல் இயந்திரம் கொடுத்தால் வேலை பல மடங்காகும். மூன்றாவது இயந்திரம் சும்மா கிடக்கும். ராபர்ட் சோலோ என்ற பொருளாதார அறிஞர் 1957ல் அமெரிக்காவின் நாற்பது ஆண்டுக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி அந்தக் காலத்தில் இரட்டிப்பாகியிருந்தது. அதில் எட்டில் ஒரு பங்குதான் கூடுதல் முதலீட்டால் வந்தது. மீதி, அதே கருவியையும் உழைப்பையும் வைத்து மேலும் நன்றாகச் செய்யக் கற்றதால் வந்தது. சோவியத் ஒன்றியம் எஃகு, அணை, இயந்திரம் என்று முதலீட்டைக் கொட்டி 1950கள் வரை வேகமாக வளர்ந்தது. 1970களில் முதலீடு குறையாமலேயே வளர்ச்சி படுத்துவிட்டது.

கற்றுக்கொள்வது என்றால் கல்வியா?

பள்ளிக் கல்வி அடித்தளம். ஆனால் பள்ளியில் உட்காருவதும் படிப்பு வருவதும் ஒன்றில்லை. பல நாடுகளில் சேர்க்கை நூற்றை நெருங்கியும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பத்தியைப் படிக்க முடிவதில்லை. படிப்பு இருந்தும் வேலை இல்லையென்றால் படித்தவர் விமானம் ஏறிவிடுவார். அயர்லாந்து 1967ல் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை இலவசமாக்கியது. 1980களில் அந்தப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போனார்கள். 1990களில் தொழில்கள் வந்து குவிந்த பிறகுதான் அந்தக் கல்வியின் பலனை நாடு கண்டது.

நான் சொல்லும் கற்றல் பெரும்பாலும் வேலைத்தளத்தில் நடப்பது. வங்கதேசத்தின் ஆடைத் தொழில் எப்படித் தொடங்கியது என்பதைப் பாருங்கள். 1979ல் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற புதிய உள்ளூர் நிறுவனம் கொரியாவின் டேவூவுடன் ஒப்பந்தம் போட்டு, சுமார் 130 பேரைக் கொரியாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. துணி வெட்டுவது, தையல் வரிசையை அமைப்பது, தரம் பார்ப்பது, வெளிநாட்டு வாங்குபவரிடம் பேசுவது என்று எல்லாவற்றையும் அங்கே தொழிற்சாலைக்குள்ளேயே கற்றார்கள். திரும்பி வந்த சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் அந்த நிறுவனத்தை விட்டு விலகி, சொந்தமாக ஆலை தொடங்கினார்கள், அல்லது பிறர் தொடங்கிய ஆலைகளுக்குப் போய் நடத்திக் கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்த நிறுவனத்துக்கு அது நஷ்டம். நாட்டுக்குக் கிடைத்ததோ ஒரு தொழில்.

அரசும் இரண்டு தடைகளை நீக்கியது. ஏற்றுமதிக்காக இறக்குமதி செய்யும் துணிக்கு முன்கூட்டியே சுங்கம் கட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டு ஆர்டரையே ஈடாகக் காட்டி வங்கியில் கடனுறுதிக் கடிதம் (துணி விற்பவருக்குப் பணம் வந்துவிடும் என்று வங்கி தரும் உறுதி) பெறலாம். கையில் பெரிய முதல் இல்லாதவரும் ஆலை தொடங்க முடிந்தது இதனால்தான். இன்று வங்கதேசம் உலகின் முன்னணி ஆடை ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. லட்சக்கணக்கான பெண்கள் முதன்முறையாகச் சம்பளம் வாங்கியது இந்தத் தொழிலில். அதே தொழிலில்தான் 2013ல் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வளர்ச்சிக் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

தென் கொரியா அப்படி என்னதான் செய்தது?

முதலில் நிலம். 1950ஐ ஒட்டி நடந்த நிலச் சீர்திருத்தத்தில் ஒரு குடும்பத்துக்கு சுமார் 3 ஹெக்டேர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். குத்தகை விவசாயி உடைமையாளர் ஆனார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார். புதிய தொழில் வேண்டாம் என்று தடுக்கும் நிலப்பிரபுக் கூட்டமும் மறைந்தது.

அப்புறம் ஏற்றுமதி. 1961ல் ராணுவப் புரட்சியில் ஆட்சிக்கு வந்த பார்க் சுங் ஹீ, மாதாமாதம் ஏற்றுமதிக் கூட்டத்துக்குத் தானே தலைமை தாங்கினார். குறைந்த வட்டிக் கடன் வேண்டுமா? ஏற்றுமதி செய்து காட்டு. காட்டாவிட்டால் கடன் நிற்கும். இந்த நிபந்தனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. அரசு உதவி பல நாடுகளில் கிடைத்தது. ஆனால் அங்கெல்லாம் உதவி வாங்கியவர் தேறினாரா என்று யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டு வாங்குபவர் முகஸ்துதிக்காக எதையும் வாங்க மாட்டார். அதனால் ஏற்றுமதி எண்ணிக்கை ஏமாற்ற முடியாத தேர்வாக இருந்தது.

தலைமுடி விக், ஒட்டுப்பலகை, துணி என்றுதான் தொடங்கினார்கள். 1964ல் ஆண்டு ஏற்றுமதி 10 கோடி டாலர். 1977ல் 1,000 கோடி டாலர். உலக வங்கி சரிப்படாது என்று சொன்ன எஃகு ஆலையை, ஜப்பான் கொடுத்த இழப்பீட்டுப் பணத்தையும் தொழில்நுட்பத்தையும் கொண்டு போஹாங்கில் கட்டி 1973ல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். உல்சானில் ஹூண்டாய் நிறுவனம் கப்பல் கட்டும் தளத்தையும், அங்கே கட்ட வேண்டிய முதல் ராட்சத எண்ணெய்க் கப்பல்களையும் ஒரே சமயத்தில் கட்டியது.

தோல்விகளும் இருந்தன. 1997 நெருக்கடியில் நாடு சர்வதேச நாணய நிதியத்திடம் கை நீட்டியது. நாட்டின் மிகப் பெரிய குழுமங்களில் ஒன்றான டேவூ, 1999ல் கடனில் மூழ்கியபோது, அது பல துண்டுகளாகப் பிரிந்துபோக விட்டார்கள். தேங்கும் நாடுகளில் அவ்வளவு பெரிய நிறுவனம் சாதாரணமாகச் சாவதில்லை. செத்த பிறகும் மக்கள் வரிப்பணத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

கானாவில் என்ன தவறு நடந்தது?

கோகோதான் கானாவின் சோறு. விவசாயி கோகோவை அரசு வாரியத்துக்கு மட்டுமே விற்கலாம். வாரியம் உலக விலையைவிட மிகக் குறைவாகக் கொடுத்தது. நாணய மதிப்பையும் செயற்கையாக உயர்த்திப் பிடித்திருந்ததால் கைக்கு வந்தது இன்னும் சுருங்கியது. முதலில் இப்படி வாரியம் பிடித்துக்கொண்ட பணத்தில் அணையும் ஆலையும் பள்ளியும் வந்தன. போகப் போக அது வாரியத்துக்குள்ளும் ஆட்சிக்குள்ளும் கரைந்தது. விவசாயி என்ன செய்வார்? பழைய மரத்தை வெட்டிப் புதுக் கன்று நடுவதை நிறுத்தினார். எல்லைக்கு அருகில் இருந்தவர் மூட்டையை இரவோடு இரவாக ஐவரி கோஸ்ட்டுக்குக் கடத்தினார். 1960களின் நடுவில் 5 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல் 1983-84ல் சுமார் 1.6 லட்சம் டன்னுக்கு வந்துவிட்டது. இதற்கிடையில் 1966, 1972, 1979, 1981 என்று அடுத்தடுத்து ஆட்சிக் கவிழ்ப்புகள். 1983க்குப் பிறகு விலையையும் நாணயத்தையும் சீர்படுத்தியதும் கானா மீண்டது; 2001ல் இருந்து தேர்தலில் தோற்ற கட்சி அமைதியாக விலகும் நாடாகவும் ஆனது. இருந்தும் 2022 இறுதியில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நிறுத்திவைத்தது. மேலே சொன்ன சறுக்கல்தான், இன்னொரு முறை.

கண்டிப்பான சர்வாதிகாரி வந்தால்தான் நாடு உருப்படுமா?

பார்க் சுங் ஹீயும் மொபுட்டுவும் நான்காண்டு இடைவெளியில் ராணுவப் புரட்சி மூலம் ஆட்சிக்கு வந்தவர்கள்தான். ஒருவர் காலத்தில் நாடு எழுந்தது, மற்றவர் காலத்தில் சிதைந்தது. சர்வாதிகாரம் என்றால் சீட்டுக் குலுக்கல். நல்ல சீட்டு விழுந்த நாடுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். தவறான ஆள் வந்துவிட்டால் இறக்க வழி இல்லை, சொல்ல ஆளும் இல்லை. போட்ஸ்வானா, மொரீஷியஸ் இரண்டும் தேர்தல் நடத்திக்கொண்டே வளர்ந்தவை. தென் கொரியாவும் 1987ல் மக்களாட்சிக்குத் திரும்பிய பிறகுதான் பணக்கார நாடானது.

அப்படியானால் சீனா?

சீனாவின் திருப்பம் மேலிருந்து மட்டும் வரவில்லை. 1978ன் இறுதியில் அன்ஹுய் மாகாணத்தின் ஷியாவ்காங் என்ற கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாகக் கூடினார்கள். கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது, அரசுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு மீதியை அவரவர் வைத்துக்கொள்வது என்று எழுதிக் கைரேகை வைத்தார்கள். அன்று அது குற்றம். யாராவது சிறைக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்பதாகவும் அதிலேயே எழுதினார்கள். அடுத்த அறுவடை பல மடங்காக வந்தது. நிலமும் ஆட்களும் அதேதான். விளைவதில் தனக்கும் பங்கு உண்டு என்பதுதான் புதிது.

மேலிடம் தண்டிக்காமல் விட்டுவைத்தது. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் இந்த முறையையே பரப்பியது. 1980ல் ஷென்சென் போன்ற சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் வந்தன. ஒரு மூலையில் செய்து பார்த்து, பலித்தால் விரிப்பது, பலிக்காவிட்டால் விடுவது என்ற முறை அது. அதே கட்சி, அதே நாட்டில் 1958ல் எதிர்க்குரலே இல்லாமல் நாடு முழுவதையும் ஒரே பாய்ச்சலில் தள்ளியபோது, மனித வரலாற்றின் மிகக் கொடிய பஞ்சம் வந்தது என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

காலனி ஆட்சிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது சரியா?

பெரும் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெல்ஜியம் 1960ல் காங்கோவை விட்டுப் போனபோது, அவ்வளவு பெரிய நாட்டில் உள்ளூர்ப் பட்டதாரிகள் 30 பேர்கூட இல்லை. ரயில் பாதைகள் சுரங்கத்தில் இருந்து துறைமுகத்துக்கு ஓடின. ஊரை ஊரோடு இணைக்கவில்லை. 2024ல் பொருளாதார நோபல் பெற்ற அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரின் வாதமும் இதை ஒட்டியதே: சுரண்டுவதற்காக அமைக்கப்பட்ட நிர்வாகம், ஆண்டவர்கள் போன பிறகும் அப்படியே நிற்கிறது, புதிதாக வருபவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையே செய்கிறார். ஆனால் கொரியாவும் தைவானும்கூட காலனிகளாக இருந்தவைதான். பழைய அமைப்பைச் சுதந்திரத்துக்குப் பின் எவ்வளவு உடைத்தார்கள் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு.

வெளிநாட்டு உதவி பயன்படுமா?

தடுப்பூசிக்கும் மருந்துக்கும் நிச்சயமாகப் பயன்பட்டிருக்கிறது. கோடிக்கணக்கான உயிர்கள் பிழைத்திருக்கின்றன. வளர்ச்சியை உதவியால் வாங்க முடிந்ததில்லை. 1950களில் கொரியாவும் பெரும் அமெரிக்க உதவி வாங்கியது, மொபுட்டுவும் வாங்கினார்.

பணக்கார நாடு பின்னுக்குப் போக முடியுமா?

அர்ஜென்டினா போயிருக்கிறது. 1913ல் அதன் தனிநபர் வருமானம் பிரான்சையும் இத்தாலியையும்விட அதிகம். ஐரோப்பாவில் இருந்து லட்சக்கணக்கானோர் அங்கே குடியேறினார்கள். கோதுமையும் மாட்டிறைச்சியும் உலகச் சந்தைக்குப் போயின. நிலம் ஒரு சில குடும்பங்களின் கையில் இருந்தது. 1930ல் உலகச் சந்தை சரிந்தபோது முதல் ராணுவப் புரட்சி. 1976க்குள் இன்னும் ஐந்து. ஒவ்வொரு முறையும் வந்தவர்கள் முந்தையவர்களின் விதிகளைத் தூக்கி எறிந்தார்கள். ஏற்றுமதி விவசாயத்தின் மீது வரி போட்டு, போட்டியே இல்லாத உள்நாட்டு ஆலைகளுக்குக் கொடுத்தார்கள். கொரியா வைத்தது போன்ற ஏற்றுமதித் தேர்வு எதுவும் அங்கே இல்லை. பற்றாக்குறைக்கு நோட்டு அச்சடித்ததில் 1989ல் பணவீக்கம் 3,000 சதவீதத்தைத் தாண்டியது. 2001 இறுதியில் வங்கிக் கணக்குகளை முடக்கி, வெளிநாட்டுக் கடனையும் நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்குள் ஐந்து பேர் குடியரசுத் தலைவர் பொறுப்பில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். சேமித்த பணம் நாளை இருக்குமா என்று தெரியாத இடத்தில் யார் பத்தாண்டுத் திட்டம் போடுவார்?

நடுத்தர வருமானப் பொறி என்கிறார்களே, அது என்ன?

1960ல் நடுத்தர வருமானத்தில் இருந்த 101 பொருளாதாரங்களில், 2008க்குள் உயர் வருமான நிலையை அடைந்தவை 13 மட்டுமே என்று உலக வங்கியின் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மலிவான கூலியும் கடன் வாங்கிய தொழில்நுட்பமும் பாதி வழி வரைதான் கொண்டுவிடும். கூலி உயர்ந்த பிறகு, சொந்தமாக எதையாவது வடிவமைக்கத் தெரிய வேண்டும். அந்தக் கட்டத்தில் முதல் சுற்றில் வென்ற பெரிய நிறுவனங்களே புதியவர்களுக்குக் கதவைச் சாத்திவிடுவது உண்டு. 2025ல் நோபல் பெற்ற அகியோன், ஹோவிட் இருவரும் கணித வடிவில் காட்டியது இந்த இழுபறியைத்தான்: புதியது வந்து பழையதைத் தள்ளும்போதுதான் வளர்ச்சி வருகிறது, பழையதற்கோ தள்ளப்படாமல் இருக்க எல்லாப் பலமும் இருக்கிறது.

ஜப்பான் ஏன் தேங்கியது?

1989 டிசம்பரில் டோக்கியோ பங்குச் சந்தைக் குறியீடு எட்டிய உச்சத்தை மறுபடி தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது. அளவுக்கு மீறி ஊதிப்போயிருந்த பங்கு, நில விலைகளின் குமிழி வெடித்ததும், வராக்கடனை ஒத்துக்கொள்ளத் தயங்கிய வங்கிகள் தேறாத நிறுவனங்களுக்கே மேலும் மேலும் கடன் கொடுத்து உயிர்ப்பித்து வைத்தன. உழைக்கும் வயதினரின் எண்ணிக்கையும் 1990களின் நடுவில் இருந்து குறைகிறது. உழைக்கும் வயதில் உள்ள ஒருவருக்கு எவ்வளவு உற்பத்தி என்று பார்த்தால் ஜப்பானின் கதை பேசப்படும் அளவுக்கு மோசமில்லை. பணக்கார நாடு மெதுவாக நடப்பதையும் ஏழை நாடு சறுக்குவதையும் ஒரே "தேக்கம்" என்ற சொல்லில் போட்டு அடைப்பது நியாயமில்லை.

ஊழல் ஒழிந்தால் வளர்ச்சி தானாக வருமா?

ஊழல் நிறைந்திருந்தபோதே கொரியாவும் சீனாவும் வளர்ந்தன. அதனால் ஊழல் பரவாயில்லை என்று ஆகிவிடாது. அதன் சுமை எப்போதும் எளியவர் தலையில்தான். வளர்ச்சியை அடியோடு கொல்வது, லஞ்சம் கொடுத்தாலும் வேலை நடக்காத நிலையும், தொழில் நன்றாக ஓடினால் பறித்துக்கொள்வார்கள் என்ற பயமும்.

ஒரு நாடு தேறுமா என்று வெளியில் இருந்து பார்த்து எப்படிக் கணிப்பது?

கடந்த ஆண்டின் வளர்ச்சி விகிதத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். இருபது ஆண்டுகளுக்கு முன் ஏற்றுமதி செய்யாத எதை இன்று ஏற்றுமதி செய்கிறது? பெரிய நிறுவனங்களின் பட்டியலில் புதுப் பெயர்கள் உண்டா? தேர்தலில் தோற்றவர் வீட்டுக்குப் போகிறாரா? கடைசியாக விலை வீழ்ச்சியோ வறட்சியோ வந்தபோது பொருளாதாரம் எவ்வளவு சுருங்கியது, எத்தனை ஆண்டில் மீண்டது?

இன்னொன்றும் பார்ப்பேன்: மோசமான ஆண்டிலும் அரசு உண்மைக் கணக்கை வெளியிடுகிறதா என்பது. அர்ஜென்டினாவில் 2007 முதல் விலைவாசிக் குறியீட்டைக் கணக்கிடும் அலுவலகத்தில் ஆட்சியாளர்கள் தலையிட்டார்கள். சந்தையில் விலை ஏறிக்கொண்டிருக்க, அரசின் தாளில் பணவீக்கம் பாதிக்கும் குறைவாகவே தெரிந்தது. கூலி பேசுபவர், கடன் கொடுப்பவர், ஓய்வூதியம் வாங்குபவர் என்று யாரும் அந்த எண்ணை நம்பவில்லை. 2013ல் சர்வதேச நாணய நிதியம் இதற்காக அந்நாட்டின் மீது கண்டனத் தீர்மானம் போட்டது. 2015 இறுதியில் வந்த புதிய அரசு, பழைய குறியீட்டை நிறுத்திவைத்துவிட்டு, விலைகளை முதலில் இருந்து எண்ணத் தொடங்க வேண்டியிருந்தது.